வீட்டில் கட்டிய கார் ஏன் கொதிக்கிறது?

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரில் போனார். ஒரு வழித் தூரம் சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமாகச் சொல்லப்படும் அந்தப் பயணத்தில் அவர் வழியெல்லாம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் செய்த அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் இன்ஜினைக் குளிர்விக்கும் முறை. கையால் கட்டிய காரும் இன்ஜின் சூடும் அன்றிலிருந்து சேர்ந்தே வருகின்றன.

பெரிய நிறுவனங்களின் கார்களில் இன்று இந்தச் சிக்கல் அரிது. ஆனால் ஆர்வலர் ஒருவர் தன் கொட்டகையில் பல மாதம் உழைத்துக் கட்டிய கார், முதல் நீண்ட ஓட்டத்திலேயே மீட்டர் முள்ளைச் சிவப்புக்கோட்டுக்குக் கொண்டுபோவது இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. இதற்குத் தீர்வு என்ன என்ற கேள்விக்குப் பல தலைமுறைகளாகப் பதில்கள் சேர்ந்துள்ளன. சில பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில சரியானவை, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாதவை. அவற்றை வரிசைப்படுத்தி, எது எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## எந்தக் கார்களைப் பற்றிய பேச்சு

வீட்டில் கார் கட்டும் பழக்கம் மிக ஆழமாக வேரூன்றிய நாடு பிரிட்டன். 1957இல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரை உதிரிகளாகவே வாங்க முடிந்தது. முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை என்பதால், வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொண்டார். 1973இல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் சலுகை முடிந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய நூல், 250 பவுண்டு செலவில் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று வழிகாட்டியது. அந்த வகைக் கார்களுக்கு லோகாஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, தானே வெல்டிங் செய்த சட்டத்தில் உட்கார வைப்பதுதான் அதன் சாரம்.

இவற்றோடு இன்னும் மூன்று வகைகள் உண்டு. ஃபோர்டின் வி8 இன்ஜினைச் சுமக்கும் கோப்ரா பிரதிகள் ஒன்று. இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருக்க, ரேடியேட்டர் முன்மூக்கில் இருக்கும் ஜிடி40 போன்ற பிரதிகள் இரண்டாவது. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேன்க்ஸ் போல, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் இன்ஜினை வைத்த மணல்வெளி பக்கிகள் மூன்றாவது.

காற்றால் குளிரும் பக்கிகளைத் தவிர மற்ற எல்லா வகைக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இன்ஜின் ஒரு காரிலிருந்து வருகிறது, ரேடியேட்டர் இன்னொன்றிலிருந்து, ஃபேன் மூன்றாவதிலிருந்து. ஒவ்வொன்றும் தன் பழைய வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது. அவை ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை மட்டும் யாரும் சோதித்ததில்லை.

## கேள்வியின் வேர்: சூட்டின் கணக்கு

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. ஏறக்குறைய இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மீதத்தின் பெரும்பகுதி கூலன்ட்டில் ஏறுகிறது. ஆகவே ஒரு மதிப்பீட்டுக்கு, இன்ஜின் எவ்வளவு கிலோவாட் வேலை செய்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு சூட்டை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகிறது. செவன் போன்ற சிறிய திறந்த கார் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட ஏறக்குறைய 15 கிலோவாட் போதும். அதே காரின் இன்ஜின் 75 கிலோவாட் தரக்கூடியதாக இருக்கலாம். பந்தயத் தடத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும்போது வெளியேற்ற வேண்டிய சூடு சாலையில் போவதைவிட நான்கைந்து மடங்கு. எனவே ‘இந்த இன்ஜினுக்கு எந்த ரேடியேட்டர்’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். வண்டி எங்கே, எப்படி ஓடும் என்பது மறுபாதி.

இந்தச் சூட்டைச் சமாளிக்க வந்த கண்டுபிடிப்புகளின் வரிசையும் கவனிக்கத் தக்கது. 1900இல் வில்ஹெல்ம் மேபாக் தன் 35 குதிரைத்திறன் மெர்சிடஸுக்குத் தேன்கூடு ரேடியேட்டர் வடிவமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 அதில் இருந்தன. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யின் பெரும்பாலான வண்டிகளில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏற, குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்க, ஓட்டம் தானாகவே நடந்தது. பிறகு பம்ப், தெர்மோஸ்டாட், கிளைக்கால் கலந்த கூலன்ட், அழுத்த மூடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு சிக்கலைத் தீர்த்தது. வீட்டில் கட்டுபவர் தவறவிடக்கூடிய இணைப்பு ஒன்றையும் கூட்டியது.

## முதல் பதில்: பெரிய ரேடியேட்டர் போடு

மிகப் பழைய பதிலும் மிக எளிதில் சொல்லப்படும் பதிலும் இதுதான். பரப்பு கூடினால் சூடு கூடுதலாக வெளியேறும் என்ற தர்க்கத்தில் பிழையில்லை. குறிப்பாக, சிறிய ஹேட்ச்பேக் காரின் ரேடியேட்டரை வி8 இன்ஜினோடு இணைத்தவருக்கு வேறு வழியும் இல்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் பரப்பில் இல்லை, தடிமனில் இருக்கிறது. செவனின் மூக்கு குறுகியது. கோப்ராவின் வாய் சிறியது. அகலத்தைக் கூட்ட இடமில்லாததால் கட்டுபவர்கள் மூன்று வரிசை, நான்கு வரிசைக் குழாய்கள் கொண்ட தடித்த ரேடியேட்டரைத் தேடுகிறார்கள். முதல் வரிசையைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடுகிறது. பின் வரிசைகளுக்குக் கிடைப்பது வெந்நீரைத் தொட்டு வந்த காற்று. மேலும், தடித்த கூட்டுக்குள் நுழைவதைவிடச் சுற்றிக்கொண்டு போவதே காற்றுக்கு எளிது. தடிமன் இரட்டிப்பானால் பயனும் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

செம்பா அலுமினியமா என்ற விவாதமும் இங்கேதான் கிளைக்கிறது. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். அலுமினியம் எடை குறைவு, அகலமான குழாய்களை அதில் செய்ய முடியும். ஆனால் கூலன்ட்டிலிருந்து காற்றுக்குச் சூடு போகும் பாதையில் உள்ள மிகப் பெரிய தடை உலோகத்தில் இல்லை. தகட்டிலிருந்து காற்றுக்குத் தாவும் இடத்தில் இருக்கிறது. கேஸ், லண்டன் என்ற இருவர் 1955இல் வெளியிட்ட வெப்பமாற்றி நூல் முதல் பொறியியல் வகுப்புகள் கற்பித்துவருவது இதைத்தான். ஒரே பாகை அளவு சூடேற ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை எடுத்துச்செல்ல ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். இந்த ஓர் எண்ணே அடுத்த நிலைப்பாட்டின் அடித்தளம்.

## இரண்டாம் பதில்: காற்றுக்கு வழி விடு

இந்தப் பதிலைச் சொல்பவர்கள் ரேடியேட்டரைப் பார்ப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள். மூக்குக்குள் வந்த காற்று ரேடியேட்டரின் ஓரங்களில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதன் வழியாகவே ஓடிவிடும். அலுமினியத் தகடு, ரப்பர் பட்டை, அடர்ந்த ஸ்பாஞ்சு என எதை வைத்தாவது அந்த இடைவெளியை அடைப்பது மிக மலிவான சிகிச்சை. பல கார்களில் அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கிறது.

உள்ளே வரும் வழி எவ்வளவு முக்கியமோ, வெளியே போகும் வழியும் அவ்வளவு முக்கியம். இன்ஜின் அறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் முன்னாலிருந்து காற்று நுழையாது. பானெட்டில் காற்றுப் பிளவுகள் வெட்டுவது இதற்காகத்தான். ஆனால் எங்கே வெட்டுவது என்பதில் தவறு நேரலாம். முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் ஓடும் காற்றின் அழுத்தம் அதிகம். கார் நிறுவனங்கள் பயணிகளுக்கான காற்றை உள்ளே எடுப்பதே அந்த இடத்தில்தான். அங்கே வெட்டிய பிளவு சூட்டை வெளியேற்றுவதற்குப் பதில் காற்றை உள்ளே தள்ளக்கூடும்.

விமானத்துறையிலிருந்து வந்த ஒரு கருத்தும் இங்கே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 1935இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் பணியாற்றிய ஃபிரடெரிக் மெரிடித், சரியாக வடிவமைத்த குழலுக்குள் ரேடியேட்டரை வைத்தால் சூடேறிய காற்று பின்னால் விரைந்து வெளியேறி இழுவையைக் குறைக்கும் என்று காட்டினார். பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றுக்கடியில் இருந்த குழல் அந்தக் கருத்தின் புகழ்பெற்ற வடிவம். காருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பாதிதான். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 460 பாஸ்கல். 30 கிலோமீட்டரில் அது 42 பாஸ்கலாகச் சுருங்கிவிடுகிறது. நுழைவாய் சிறிதாகத் தொடங்கி ரேடியேட்டர்வரை மெல்ல விரியும் குழல் காருக்கும் நல்லதே. ஆனால் நெரிசலில் நகரும் காருக்கு எந்தக் குழலும் உதவாது. அங்கே ஃபேன்தான் காப்பாற்ற வேண்டும்.

ஃபேனிலும் கணக்கு உண்டு. 450 மில்லிமீட்டர் நீளமும் 350 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ரேடியேட்டரில் 300 மில்லிமீட்டர் ஃபேனை நேரடியாக ஒட்டி மாட்டினால், அது தொடும் பரப்பு பாதிக்கும் குறைவு. ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூண்டு வைத்து, ஃபேனைச் சிறிது தள்ளி மாட்டினால்தான் மூலைகளிலிருந்தும் காற்று இழுக்கப்படும். ஆனால் அதே கூண்டு அதிவேகத்தில் காற்றை மறிக்கும் என்ற எதிர்வாதமும் நியாயமானதே. வேகத்தில் தானாகத் திறக்கும் ரப்பர் இமைகளைக் கூண்டில் பொருத்துவது இரண்டுக்கும் நடுவே கண்ட சமரசம். வயர்கள் மாறி இணைக்கப்பட்டு, ஃபேன் எதிர்த்திசையில் சுழன்று, வரும் காற்றோடு மோதிக்கொண்டிருந்த கார்களும் உண்டு. ஒரு தாளை ரேடியேட்டர் முன் பிடித்தால் அது ஒட்டிக்கொள்கிறதா, பறந்துபோகிறதா என்பதிலேயே இது தெரிந்துவிடும்.

காற்றின் முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது பீட்டில் இன்ஜின். அதைச் சுற்றி ஃபோக்ஸ்வாகன் பொருத்திய தகரப் போர்வை வெறும் மூடியல்ல. குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் பிரிக்கும் சுவர் அது. அழகுக்காகவோ எடைக்காகவோ பக்கி கட்டுபவர் அதைக் கழற்றினால், இன்ஜின் தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். நிறுவனமே இந்தப் பாடத்தைக் கற்க நேர்ந்தது: ஆயில் கூலர் காற்றை மறித்ததால் மூன்றாம் சிலிண்டர் சூடாக ஓடியது. 1971 மாடலில் கூலரைத் தனி அறைக்குத் தள்ளிவைத்த பிறகே அது சீரானது.

## மூன்றாம் பதில்: தண்ணீரின் வேகத்தை மாற்று

நீண்ட நாள் சச்சரவு இங்கேதான். ‘கூலன்ட் மிக வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை விட நேரம் இருக்காது, மெதுவாக்கு’ என்பது ஒரு கட்சி. ‘வேகம் கூடினால் எப்போதும் நல்லதே, தெர்மோஸ்டாட்டைக் கழற்று, பெரிய பம்ப் போடு’ என்பது மறு கட்சி.

இயற்பியல் முதல் கட்சிக்கு ஆதரவாக இல்லை. கூலன்ட் மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. ரேடியேட்டரில் ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்த நேரம் இருந்தாலும், அதிக முறை திரும்பி வருகிறது. ஆனால் இரண்டாம் கட்சி சொல்லும் அளவுக்கு லாபமும் இல்லை. 40 கிலோவாட் சூட்டை நிமிடத்துக்கு 96 லிட்டர் ஓட்டம் எடுத்துச்சென்றால் ரேடியேட்டரின் இரு முனைகளுக்கிடையே வெப்பநிலை 6 டிகிரி இறங்கும். ஓட்டத்தைப் பாதியாக்கினால் 12 டிகிரி இறங்கும். இன்ஜினிலிருந்து 90 டிகிரியில் கூலன்ட் வெளிவந்து, வெளிக்காற்று 30 டிகிரி என்றால், ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் உள்ள சராசரி வேறுபாடு 57 டிகிரியிலிருந்து 54 டிகிரியாகக் குறையும். ஓட்டம் பாதியானதற்கு இழப்பு, தோராயமாக, 5 சதவீதம். வேகத்தைக் கூட்டுவதால் வரும் லாபமும் இதே அளவில் சிறியது.

அப்படியென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் சூடு கூடியது என்று எத்தனையோ அனுபவசாலி மெக்கானிக்குகள் சொல்வது பொய்யா? பொய்யல்ல. அவர்கள் கண்டது உண்மை. அதற்குச் சொன்ன காரணம் வேறாக இருந்திருக்கலாம். பல இன்ஜின்களின் தெர்மோஸ்டாட்டில் கீழே இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வழி திறக்கும்போது அது ரேடியேட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். இன்னொரு விளக்கமும் உண்டு. தெர்மோஸ்டாட் தரும் எதிர்ப்பு இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள சூடான மூலைகளில் கூலன்ட் கொதிக்காமல் காக்கிறது. அதே இடத்தில் துளையிட்ட தட்டு வைத்தவர்களுக்கு நன்மை கிடைத்தது இதனால் இருக்கலாம். இரண்டு விளக்கங்களில் எது எந்தக் காரில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது பெரும்பாலும் அளக்கப்படாமலே போயிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை எங்கே வைப்பது என்பதும் தனி விவாதம். 1990களில் கேட்டரமும் பல கிட் கார்களும் ஏற்ற ரோவர் கே-சீரிஸ் இன்ஜினில் தெர்மோஸ்டாட், கூலன்ட் உள்ளே நுழையும் பக்கம் இருந்தது. கூலன்ட்டின் மொத்த அளவும் குறைவு. ரேடியேட்டரில் ஆறிக்கிடந்த கூலன்ட் திடீரெனச் சூடான இன்ஜினுக்குள் பாய்வதும் ஹெட் கேஸ்கெட் பழுதுகளுக்கு ஒரு காரணம் என்று பலர் வாதிட்டார்கள். தெர்மோஸ்டாட்டை இன்ஜினுக்கு வெளியே குழாயில் மாற்றி வைப்பது அந்த வாதத்தின் விளைவு. அதே இன்ஜினில் ஹீட்டர் வழியே பைபாஸாகவும் வேலை செய்கிறது. திறந்த காருக்கு ஹீட்டர் எதற்கு என்று அந்த வழியை அடைத்தவர், இன்ஜினின் ரத்த ஓட்டத்தையே அடைத்தவராகிறார்.

## நான்காம் பதில்: உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்று

தமிழ்நாட்டுப் பட்டறையிலும் பிரிட்டிஷ் கொட்டகையிலும் ஒரே சொல்லால் அறியப்படும் நோய் இது: ஏர் லாக். இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள கார்களில் இது மிகக் கடுமை. காரின் அடிவயிற்றில் நீளமாக ஓடும் இரண்டு குழாய்கள், முன்னால் ஏறி நிற்கும் ரேடியேட்டர், பின்னால் உயரும் இன்ஜின். ஆக, காற்று தங்க இரண்டு மேடுகள்.

ஏர் லாக்கின் வஞ்சகம் என்னவென்றால், அது மீட்டரையும் ஏமாற்றும். வெப்பநிலை சென்சார் காற்றுப் பைக்குள் மாட்டிக்கொண்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் அமைதியாக நிற்கும். திடீரென ஒரு கூலன்ட் அலை தொட்டதும் துள்ளும். முள் இப்படிக் குதிப்பதை ஏர் லாக்கின் அடையாளமாக அனுபவசாலிகள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

தீர்வுகளில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வட்டத்தின் மிக உயர்ந்த இடத்தில் விரிவுத் தொட்டி வை. ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மெல்லிய குழாய் அந்தத் தொட்டிக்குப் போகட்டும். ரேடியேட்டரின் தலையில் காற்று வெளியேற்றும் திருகு இருக்கட்டும். சாய்தளத்தில் காரின் மூக்கை உயர்த்தி நிரப்புவது பழைய வழி. முழு வட்டத்திலிருந்தும் முதலில் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடமே கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும்படி செய்வது புதிய வழி. கசிவு இருந்தால் நிரப்பும் முன்னரே அதில் தெரிந்துவிடும். இந்தப் பதிலின் குறை ஒன்றுதான்: ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்று புதிதாகச் சேர்ந்தால், அது நிரப்பும் முறையின் பிழையல்ல. எங்கிருந்தோ வாயு உள்ளே வருகிறது என்று பொருள். அந்தத் தேடல் ஆறாவது பதிலுக்கு நம்மை அழைத்துப்போகும்.

## ஐந்தாம் பதில்: கூலன்ட்டையும் மூடியையும் மாற்று

தூய தண்ணீரை மிஞ்சிய குளிர்விப்பான் எளிதில் கிடைக்காது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால், சூட்டைத் தாங்கும் திறன் 10 முதல் 15 சதவீதம் குறைகிறது. சூட்டைக் கடத்தும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. பதிலுக்குக் கிடைப்பவை உறைநிலைப் பாதுகாப்பு, துரு எதிர்ப்பு, சற்று உயர்ந்த கொதிநிலை. வெறும் தண்ணீரே போதும் என்பவர்கள் குளிர்விப்பை மட்டும் கணக்கிடுகிறார்கள். அலுமினிய ஹெட் உள்ளே அரித்துப்போவதை மறந்துவிடுகிறார்கள்.

அழுத்த மூடியைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 1 பார் மூடி, கடல்மட்டத்தில் தண்ணீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து 120 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த ஒரு பழைய மூடி இந்த 20 டிகிரிப் பாதுகாப்பையும் சேர்த்துப் பறித்துவிடும். தண்ணீரே இல்லாத கிளைக்கால் கூலன்ட் என்னும் மாற்று வழி, கொதிப்பது என்ற ஆபத்தை வெகுதூரம் தள்ளிவைக்கிறது. ஆனால் அது சூட்டைக் குறைவாகவே சுமப்பதால் உலோகம் கூடுதல் சூட்டில் ஓடுகிறது. ‘கொதிக்கவில்லை’ என்பதும் ‘சூடாகவில்லை’ என்பதும் இரு வேறு செய்திகள் என்பதை இந்த விவாதம் நினைவூட்டுகிறது.

கிளைக்கால் என்ற வசதியே இல்லாமல் இதே சிக்கலைச் சமாளிக்கும் ஓர் அரங்கம் கோயம்புத்தூரில் இருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் காருடன் வருகிறார்கள். கிளைக்கால் சிந்தினால் தடம் வழுக்கும் என்பதால், இவ்வகைப் போட்டிகளில் வெறும் தண்ணீருக்கு மட்டுமே அனுமதி. வழியும் தண்ணீரைப் பிடிக்கத் தனிக் குடுவையும் கட்டாயம். சுமார் 22 கிலோமீட்டர் தாங்குதிறன் ஓட்டத்தின் நடுவே ஓட்டுநர் மாறும்போது இன்ஜினை நிறுத்த வேண்டும். பம்ப் நின்று, காற்றும் நின்று, உலோகத்தில் தேங்கிய சூடு முழுவதும் அசையாத தண்ணீரில் ஏறும் அந்தச் சில நிமிடங்கள்தான் உண்மையான தேர்வு. இன்ஜின் நின்ற பிறகும் சுற்றும் மின்சார வாட்டர் பம்ப்பின் அவசியம் அங்கே விளங்கும். பாதுகாப்பை ரசாயனத்தில் தேடாமல் வடிவமைப்பில் தேட வைக்கும் விதி அது.

## ஆறாம் பதில்: இன்ஜினைச் சந்தேகி

இதுவரை பார்த்த பதில்கள் எல்லாம் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று கேட்டன. சூடு ஏன் கூடுதலாக உண்டாகிறது என்று கேட்பது ஆறாவது கட்சி. இக்னிஷன் டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டர் சுவரின் அதிகப் பரப்பைச் சுடுகிறது; மேலும் சூடான புகை எக்ஸாஸ்ட் வழியாகப் பாயும்போது ஹெட்டில் உள்ள கூலன்ட் அதை வாங்கிக்கொள்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் குழாயைத் தேவையில்லை என்று கழற்றி அடைத்த கார்கள் மெதுவாக ஓடும்போது சூடாவதற்கு இது நம்பத்தகுந்த விளக்கம். பெட்ரோல் குறைந்த கலவையும் சூட்டைக் கூட்டும் என்பது பரவலான கருத்து. ஆனால் கூலன்ட்டில் ஏறும் அளவு எவ்வளவு என்பதில் டைமிங் அளவுக்குத் தெளிவு இல்லை.

ஹெட் கேஸ்கெட் கசிந்தால் எரிவாயு நேரே கூலன்ட்டில் புகுந்து, தீராத ஏர் லாக்காகத் தோன்றும். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்சிப் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடு இருக்கையில் நீலம் மஞ்சளாக மாறும். சில நூறு ரூபாய்த் திரவம், பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டர் வாங்குவதைத் தடுக்கக்கூடிய சோதனை.

பொருந்தாத உதிரிகளின் கதை இந்தப் பிரிவில்தான் உச்சம் அடைகிறது. கோப்ரா பிரதிகளில் பயன்படும் ஃபோர்டின் சிறிய வி8 இன்ஜினின் ஹெட் கேஸ்கெட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. ஒரு பக்கத்துக் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் கூலன்ட் துளைகள் மறைந்துவிடும். அதே இன்ஜினுக்கு வலச்சுற்று, இடச்சுற்று என இரு வகை வாட்டர் பம்ப்புகள் உண்டு. பழைய பெல்ட் அமைப்புக்குப் புதிய பம்ப்பை மாட்டியவரின் காரில் பம்ப் சுற்றும். கூலன்ட் மட்டும் சரியாக நகராது. ஒவ்வொரு பாகமும் புதியது, தரமானது. அவற்றைச் சேர்த்த விதத்தில்தான் நோய் இருக்கிறது.

## ஏழாம் பதில்: முதலில் அள

மேற்சொன்ன ஆறு பதில்களுக்கும் முன்னால் நிற்க வேண்டிய பதில் இது என்று வாதிடுவோர் உண்டு. வேறொரு காரின் சென்சாரோடு இன்னொரு காரின் மீட்டரை இணைத்தால் முள் காட்டும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. பெயின்ட் அடித்த சட்டத்தில் எர்த் இணைப்பு சரியாகப் படாவிட்டால், விளக்கைப் போடும்போதெல்லாம் முள் நகரும். அப்போது சூடாவது இன்ஜின் இல்லை.

இன்ஃப்ராரெட் கருவியை நம்புபவருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. பளபளக்கும் அலுமினியம் சூட்டுக்கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும். கருவி உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் உறையின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் கருவியைக் காட்டினால் அளவு நம்பத் தக்கதாகும். ரேடியேட்டரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இப்படி அளந்தால், பல வாரச் சந்தேகம் சில நிமிடங்களில் சுருங்கும். இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் காற்று போதவில்லை. இரண்டுக்கும் பெரிய இடைவெளி என்றால் கூலன்ட் ஓட்டம் குறைவு.

எப்போது சூடாகிறது என்பதும் ஓர் அளவீடே. நெரிசலில் சூடாகி, வேகம் எடுத்ததும் தணிந்தால் ஃபேனையும் கூண்டையும் பார்க்க வேண்டும். நெரிசலில் அமைதியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டரின் அளவு, காற்றின் வெளியேற்றம், பம்ப்பின் இழுபக்கத்தில் நசுங்கும் ஹோஸ் ஆகியவை முதல் சந்தேகங்கள். எங்கே ஓட்டினாலும் ஏறினால் ஏர் லாக், கேஸ்கெட், டைமிங். இந்தப் பட்டியல் சட்டமல்ல. ஆனால் பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்பதற்கு நல்ல வழிகாட்டி.

## திறந்தே இருப்பவை

ஏழு பதில்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள் ஓரளவு முடிவானவை என்று சொல்லலாம். சூடு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் முக்கியத் தடை பெரும்பாலும் காற்றின் பக்கம் இருக்கிறது. ஆகவே இடைவெளிகளை அடைப்பதும் வெளிவழி அமைப்பதும் தடித்த ரேடியேட்டருக்கு முன்னால் வரவேண்டும். கூலன்ட்டை மெதுவாக்குவது தீர்வல்ல. மிக வேகமாக்குவதால் பெரும் லாபமும் இல்லை. அழுத்தமும் காற்று நீக்கமும் சரியாக இல்லாத வட்டத்தில் மற்ற எந்தத் திருத்தமும் நிலைக்காது.

முடிவாகாதவையும் உண்டு. சிலிண்டர் ஹெட்டின் உள் மூலைகளில் நடக்கும் சிறு கொதிப்பு, எந்த அளவுவரை குளிர்விப்புக்கு உதவி, எந்த இடத்தில் ஆபத்தாக மாறுகிறது என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடுகிறது. வீட்டுப் பட்டறையில் அதை அளக்க வழி ஏறக்குறைய இல்லை. தெர்மோஸ்டாட்டின் இடம் பற்றிய வாதம் தனித்தனி இன்ஜின்களின் அனுபவத்திலிருந்து வந்தது. அதைப் பொது விதியாக்கப் போதுமான ஒப்பீடு இல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய தடை இருக்கிறது. வீட்டில் கட்டிய ஒவ்வொரு காரும் உலகில் ஒன்றே ஒன்று. கட்டியவர் ஒரே வார இறுதியில் ரேடியேட்டர், ஃபேன், மூடி, கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுகிறார். கார் குளிர்ந்துவிடுகிறது, எது குளிர்வித்தது என்ற அறிவு மட்டும் தொலைந்துவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றும் முன்னும் பின்னும் அதே சாலையில் அளந்து, எண்களைக் குறித்துவைக்கும் பழக்கம் பரவினால், இந்தக் கேள்வியின் பாதிச் சச்சரவுகள் தாமாகவே அடங்கும். கார் நிறுவனம் வெப்பப் பாலைவனத்திலும் காற்றுச் சுரங்கத்திலும் செய்யும் வேலையைக் கொட்டகையில் தனியாக நிற்கும் ஒருவர் முழுமையாகச் செய்துவிட முடியாது. ஆனால் நல்ல பாகங்கள் மட்டும் நல்ல காரைத் தந்துவிடா, அவற்றுக்கிடையே உள்ள பொருத்தத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும் என்ற புரிதலோடு அவர் தொடங்கலாம். ரேடியேட்டர் ஓரத்து இடைவெளியில் ஒரு ரப்பர் பட்டையை வைத்து, டேப்பின் மேல் காட்டிய எண்ணை நோட்டில் எழுதுவது அந்தப் பொருத்தத்தின் முதல் வரி.